எல்மா: பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்கும் கருவி

மைக்ரோசாஃப்டின் வலைச் செயலி உருவாக்கத் தளமான ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் எழுதப்பட்ட செயலிகளில் யாரும் கையாளாமல் விட்ட பிழைகளைப் பிடித்துப் பதிந்துவைக்கும் எல்மா, இலவசமாகக் கிடைக்கும் திறமூல நூலகமாகும். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல், கோப்பு ஒன்றைச் சேர்த்து, செயலியின் அமைப்புக் கோப்பான வெப் கான்ஃபிக்கில் சில வரிகளை எழுதினாலே அது வேலையைத் தொடங்கிவிடும்.

பயனருக்கு நாகரிகமான மன்னிப்புப் பக்கம் காட்டப்பட்டாலும், அதன் பின்னால் மறைந்துபோன மஞ்சள் திரையை, அதாவது ஏ.எஸ்.பி. டாட் நெட்டின் விரிவான பிழைப் பக்கத்தை, எல்மா பத்திரமாக எடுத்துவைக்கிறது. “பதிவு செய்ய முடியவில்லை” என்ற ஒற்றை வரிப் புகாரை வைத்துக்கொண்டு ஒருமுறை அரைநாள் திண்டாடினேன். பிறகு எல்மாவின் பதிவைத் திறந்தபோது, பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டேக் டிரேசுக்குக் கீழே இருந்த படிவ விவரத்தில், பிறந்த தேதிக்கு நேராக 31/02/1990 என்று இருந்தது. உள்ளீட்டைச் சரிபார்க்காமல் தேதியாக மாற்ற முயன்றது என் நிரல்தான்.

அதே பட்டியலில் இரண்டு வரி தள்ளி, அந்தப் பயனரின் கடவுச்சொல்லும் அப்பட்டமாக இருந்தது. படிவத்தில் வந்ததையெல்லாம் வந்தபடியே எழுதிவைப்பது எல்மாவின் இயல்பு. எதை மறைக்க வேண்டும் என்று அதற்கு நாம்தான் நிரல் எழுதிச் சொல்ல வேண்டும். பதிவுகளைக் காட்டும் எல்மா டாட் ஏஎக்ஸ்டி பக்கம் இயல்பாகவே வெளியிலிருந்து திறக்காது. வசதிக்காக அதைத் திறந்துவிட்டு, உள்நுழைவுக் கட்டுப்பாடு வைக்க மறந்தால், பயனரை அடையாளம் காட்டும் குக்கீகள் உட்பட எல்லாமே தேடுபொறியின் கண்ணில் படும். குக்கீ கிடைத்தவர், அது செல்லுபடியாகும்வரை, அந்தப் பயனராகவே உள்ளே நுழையலாம்.

சேமிப்பிடத்தை நாம் குறிப்பிடாவிட்டால் பதிவுகள் நினைவகத்தில் மட்டும், அதுவும் கடைசி 15 மட்டுமே தங்கும். செயலி மறுதொடக்கமானால் அவையும் போய்விடும். ஆகவே முதல் நாளே எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற தரவுத்தளத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. பிழையைப் பிடிக்க நிரலில் எழுதும் டிரை-கேட்சுக்குள் நாமே விழுங்கிவிடும் பிழைகள் எல்மாவுக்குத் தெரியாது என்பதால், அவற்றை நாமே அதற்கு அனுப்ப வேண்டும். ஏ.எஸ்.பி. டாட் நெட்டின் எம்.வி.சி. கட்டமைப்பில், பிழை வந்தால் மன்னிப்புப் பக்கம் காட்டும் ஹேண்டில்எரர் பண்பும் இதே போலச் சில பிழைகளை எல்மாவிடமிருந்து மறைத்துவிடும்.

பழைய செயலியைப் பராமரிப்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பின்னர் வந்த புதிய தளமான ஏ.எஸ்.பி. டாட் நெட் கோருக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே எல்மாகோர் என்ற தனி வடிவத்தை நாட வேண்டும்.