20 வாழைத்தாருக்கு எத்தனை பட்டை? பிக்கப்பில் கமானும் ஷாக்கும் மாற்றி நாலு வருடம்

பிக்கப்பின் பின்பக்கத்துக்கு முதலில் வாங்கிய கமான் செட்டை, அதாவது பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங் அடுக்கை, ஒன்றரை மாதத்தில் கழற்றி விற்றேன். காரணம் அம்மா. களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரி போய்த் திரும்பிய அன்று, வாசலில் இறங்கிய கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, அடுத்த தடவ நான் பஸ்சுலயே போயிக்கிடுதேன்" என்றாள்.

வண்டி 2018-ல் வாங்கிய இசுசு வி-கிராஸ். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை. எங்கள் வாழைத்தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. தார்ச் சாலை முடிந்ததும் மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதை, நடுவில் ஓர் ஓடை, ஓடை முழுக்க உருண்டைக் கல். வாரத்தில் ஒரு நாள் உரம் போகும், வாழைத்தார் வரும். மற்ற நாளெல்லாம் அதுதான் குடும்ப வண்டி. 70,000 கிலோமீட்டர் ஓடியபின் வேகத்தடை தாண்டினால் வண்டி மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. அந்தப் பாதையில் ஓடிய ஷாக் அப்சார்பருக்கு அது நியாயமான வயதுதான்.

சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், நல்லதாகப் போடுவோம் என்று வீடியோக்களாகப் பார்த்தேன். அங்கேதான் புத்தி கெட்டது. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலியக் கம்பெனிகள் ஒரே வண்டிக்குப் பல ஸ்பிரிங் விற்கின்றன: வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் பாரம் இருக்கும் வண்டிக்கு இன்னொன்று, அதற்கும் மேலே ஒன்று. எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். "300 கிலோ இருக்கும்" என்றேன். எத்தனை நாள் ஏற்றுவேன் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்போதும் 300 கிலோ சுமக்கும் வண்டிக்கான பட்டை வந்து சேர்ந்தது. வெறும் வண்டியில் அது வளையவே இல்லை. சின்னப் பள்ளத்துக்கும் வண்டியின் வால் குதித்தது. ஓடையில் ஒரு பின் சக்கரம் கல்லில் ஏறினால் அடுத்தது கீழே இறங்காமல் அந்தரத்தில் சுற்றியது. பணம் செலவழித்து வண்டியின் ஏறும் திறனைக் குறைத்துக்கொண்டேன்.

பேட்டைப் பக்கம் லாரிகளுக்குக் கமான் வேலை பார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே இருந்த பெரியவர் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கல்லா ஏத்தப் போறீய?" என்றார். பழைய செட்டில் பட்டை ஒவ்வொன்றும் 8 மி.மீ., நான் வாங்கியதில் 10 மி.மீ. என்று அளந்து காட்டினார். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். அதாவது நீளமும் அகலமும் மாறாவிட்டாலும் 10 மி.மீ. பட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. இதை அவர் சூத்திரமாகச் சொல்லவில்லை, "ரெட்டிப்பா நிக்கும்" என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அப்புறம் என்னை எடை மேடைக்கு அனுப்பினார். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி வெறும் வண்டியாக ஒரு சீட்டு, 20 ஏத்தன் வாழைத்தார் ஏற்றி ஒரு சீட்டு. வித்தியாசம் 250 கிலோவுக்குப் பக்கம். அந்தப் பாரம் மாதத்தில் நாலைந்து நாள்தான். ஷாக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பாரம் தாங்காது, ஆட்டத்தை மட்டும்தான் அடக்கும். பாரம் கமானின் வேலை. ஆகவே மீதி 25 நாளுக்குத் தோதான மெல்லிய பட்டைகளும், அடியில் கனமான ஒரு ஹெல்பர் பட்டையும் கொண்ட செட்டுக்கு மாறினேன். வண்டி காலியாக இருக்கும்போது ஹெல்பர் மேல்பட்டையைத் தொடாது, தார் ஏறி அமுங்கியபின் தோள் கொடுக்கும். விறைத்த செட்டைப் பணகுடியில் காற்றாலைப் பராமரிப்புக்கு எந்நேரமும் டூல்ஸ் சுமக்கும் வண்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது தங்கமாக ஓடுகிறது.

பொருத்திய அன்று பெரியவர் செய்த ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, பின் பம்ப் ஸ்டாப்பில், அதாவது கமான் முழுக்க அமுங்கினால் ஆக்ஸில் வந்து இடிக்கும் ரப்பரில், பூசினார். தார் ஏற்றி ஓடையைத் தாண்டி வந்து பார்த்தால், ஆக்ஸிலில் இடது பக்கம் மட்டும் லேசாக வெள்ளை ஒட்டியிருந்தது. "ஒரு தடவ முத்தம் குடுத்திருக்கு, பரவால்ல" என்றார். அடிக்கடி இடித்திருந்தால் ரப்பர் சுத்தமாகத் துடைத்த மாதிரி ஆகியிருக்குமாம்.

எந்த ஷாக் என்பதில் எனக்கு ஓடைக் கல்தான் முடிவு சொன்னது. பில்ஸ்டீன் கம்பெனியினுடையது மாதிரி ஒற்றைக் குழாய் மோனோட்யூப்பில் சூடு சீக்கிரம் வெளியேறும், ஆட்டத்தை அடக்குவதும் கச்சிதம். ஆனால் பிஸ்டன் வெளிக் குழாயிலேயே ஓடுவதால், கல் பட்டு நெளிந்தால் அங்கேயே சிக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள ட்வின் ட்யூப்பில் வெளிக் குழாய் கொஞ்சம் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். ட்வின் ட்யூப்தான் போட்டேன், இன்றைக்கு அதில் இரண்டு நெளிசல்.

முன்னால் 40 மி.மீ. மட்டும் உயர்த்தினேன். அதற்கும் மேலே போனால் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடி அதன் மூட்டை மூடும் ரப்பர் உறை (சி.வி. ஜாயின்ட் பூட்) கிழியும், சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அப்பர் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். 40-க்கே அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஹெட்லைட்டை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் ஏசுவார். கண்டபடி உயர்த்துகிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-வது பிரிவை ஒரு தடவை படிப்பது நல்லது, விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

இணைப்புகளில் ரப்பருக்குப் பதிலாகப் போட்ட பாலியூரித்தேன் புஷ் எனக்கு ஒத்துவரவில்லை. மாமனாரின் பனங்காடு திசையன்விளைப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி. அந்தச் செம்மண் கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச்சுக் கீச்சென்று கத்தியதால் ரப்பருக்கே திரும்பிவிட்டேன். மற்றபடி தேரி மணலில் சஸ்பென்ஷனுக்குப் பெரிய வேலை இல்லை, டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் போதும்.

கமானை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டை முதல் 1,000 கிலோமீட்டரில் மறுபடி முறுக்கச் சொன்னார்கள். சோம்பலில் விட்டேன். ஒரு நாள் பின்னால் டக் டக் என்று சத்தம். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து போகும் நிலையில் இருந்தது. நல்லவேளை, வீட்டுப் பக்கத்தில் நடந்தது.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தோட்டத்துப் பாதை பாதி போய்விட்டது. நாலு மாதம் முழங்கால் ஆழப் பள்ளங்களில்தான் ஓட்டினேன். கமான் அசையவில்லை, பட்டைகளுக்கு நடுவே துரு மட்டும் ஏறியது. பிரித்து, தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் போட்டதோடு சரி.

இந்த செட்டில் இப்போது 58,000 கிலோமீட்டர் ஆகிறது. போன மாதம் இடது பின் ஷாக்கில் எண்ணெய் ஈரம் தெரிந்தது. "தொடச்சிட்டு 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க, சொட்டுனா மாத்துவோம்" என்றார் பெரியவர். துடைத்துவிட்டேன். இன்றோடு 320.