படத்தில் மஞ்சள் ரோஜா, பையில் காட்டு ரோஜா: செடி வாங்குமுன் ஒட்டைப் பாருங்கள்

முதல்முறையாக ரோஜாச் செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

உள்ளங்கை அகல மஞ்சள் பூவின் படத்தைச் செடியில் தொங்கவிட்டு, ஒட்டு ரோஜா என்று சொல்லி ஒரு நர்சரியில் எனக்கு விற்றார்கள். செடியில் பூ இல்லை. "அடியிலிருந்து துளிர் எப்படித் தளதளன்னு வருது பாருங்க, நல்ல வீரியமான செடி" என்றார் விற்றவர். அந்தத் துளிரில்தான் மோசடியே இருந்தது.

பெரிய பூ தரும் ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகளாகத்தான் விற்பனைக்கு வருகின்றன. வேருக்காக ஒரு முரட்டு ரோஜாவை வளர்த்து, அதன் பட்டையை 'டி' வடிவில் கீறி, நமக்கு வேண்டிய ரகத்தின் ஒரே ஒரு மொட்டை (பூமொட்டு அல்ல, கிளை துளிர்க்கும் மொட்டு) உள்ளே செருகி டேப் சுற்றுவார்கள். அந்த இடம்தான் ஒட்டு. மொட்டு பிடித்துத் துளிர்த்ததும், அதற்கு மேலே இருக்கும் முரட்டுத் தண்டை வெட்டிவிடுவார்கள். மொட்டு காய்ந்துபோனால் மிச்சமிருப்பது முரட்டு ரோஜா மட்டும்தான். அது சும்மா இருக்காது, வெறியோடு தழைக்கும். விவரம் தெரியாத கண்ணுக்கு அதுதான் நல்ல செடியாகத் தெரியும்.

என் செடியும் அப்படித்தான் தழைத்தது. பூத்தபோது கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், ஐந்தே இதழ். சந்தேகப்பட்டு அடிமண்ணை விலக்கினேன். பைக்குள் மண்ணை ஏற்றிக் குவித்து ஒட்டையே மூடியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே கேடய வடிவில் ஒரு சின்னத் துண்டு, பழுப்பேறிக் காய்ந்து, நகம் பட்டதும் உதிர்ந்துவிட்டது. எனக்கு விற்ற மஞ்சள் ரோஜா அதுதான். நான் பார்த்த துளிர்கள் எல்லாம் அதற்குக் கீழே இருந்து கிளம்பியவை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உங்க மண்ணுக்கு நிறம் மாறியிருக்கும்" என்றார்கள். இது பச்சைப் பொய். மண்ணின் அமிலத்தன்மையைப் பொறுத்து நீலம், இளஞ்சிவப்பு என்று மாறுவது ஹைட்ரேஞ்சியா என்ற வேறொரு பூச்செடி. வெயில், குளிரால் ரோஜாவின் சாயல் கொஞ்சம் கூடலாம், குறையலாம். பெரிய மஞ்சள் பூ எந்த மண்ணிலும் வெள்ளைக் கொத்தாக மாறாது. பணமும் தரவில்லை, வேறு செடியும் தரவில்லை. போதாததற்கு, 'நீல ரோஜா விதை' என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். நல்லவேளை, அதை வாங்கவில்லை. நீலத்துக்குத் தேவையான டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயல்பாகக் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றம் செய்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாகூட இளம் ஊதாவாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, கலப்பின ரோஜாவை விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடி மாதிரியே பூக்காது.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில் ஒட்டு. அடியில் முடிச்சு போலப் புடைத்திருக்கும், மண் மூடியிருந்தால் விரலால் விலக்குங்கள். கிளைகள் அந்த முடிச்சிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ கிளம்பியிருக்க வேண்டும். தொட விடமாட்டோம் என்றால் அங்கே வாங்காதீர்கள். முடிந்தால் அதே செடியில் பூவைப் பார்த்து வாங்குவது நல்லது. தண்டை மண்ணில் செருகி வேர்விட வைத்த செடி என்றால் ஒட்டே இருக்காது, அதில் இந்த ஏமாற்றுக்கும் இடமில்லை. பையின் அடித்துளையில் வேர் வெளுப்பாகத் தெரிந்தால் நல்லது. கறுத்துக் குழைந்திருந்தால் வேண்டாம்.

நடும் இடத்தில் தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி போதும். மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து, சுருண்ட வேரை மெல்லப் பிரித்துவிட்டு நடுங்கள். ரசாயன உரம் அப்போது வேண்டாம், புது வேர் கருகிவிடும். வெப்பமான ஊர்களில் ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கடும் உறைபனி விழும் நாடுகளில் மட்டும் கொஞ்சம் கீழே புதைப்பார்கள். தண்ணீரை இலையில் கொட்டாமல் அடியில் ஊற்றுங்கள், இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும்.

அப்புறமும் ஒட்டுக்குக் கீழே துளிர் வரும். கத்தரியால் வெட்டினால் அங்கேயே இரண்டு மூன்றாகத் தழைக்கும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வாங்கிய அன்றே ஒட்டையும் தொங்கவிட்ட படத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, ரசீதில் ரகத்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அந்த இரண்டும் இல்லாததால்தான் அவர்களால் கைவிரிக்க முடிந்தது.