குளத்துக்கு ஒரு கடிகாரம்: காசியோ டபிள்யூ-800ஹெச்

நான் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். திருச்சியில் ஒரு குளத்தில் விடிகாலையில் பெரியவர்கள், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள். கோடை முகாம் வந்துவிட்டால் பாதி நாள் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்பேன். கைக்கடிகாரம் என்றால் எனக்கு முதல் கேள்வி தண்ணீர் தாங்குமா என்பதுதான். அழகு, ஆப், எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கெல்லாம் அப்புறம்.

காசியோ டபிள்யூ-800ஹெச்சை 2013-ல் வாங்கினேன். அப்போது விலை 2,000 ரூபாய்க்குக் கீழே. கறுப்பு ரெசின் உடம்பு, பெரிய பெரிய எண்கள், நூறில் ஒரு நொடிவரை காட்டும் ஸ்டாப்வாட்ச், அலாரம், இன்னொரு ஊர் நேரம். பேட்டரி பத்து வருடம் வரும் என்கிறார்கள். 100 மீட்டர், அதாவது 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நீர்த்தாங்கு திறன். ப்ளூடூத் இல்லை, தொடுதிரை இல்லை, சார்ஜ் போட ஓட்டை இல்லை. இதில் எனக்கு மிகப் பிடித்தது அந்த ஓட்டை இல்லாததுதான். தண்ணீர் நுழைய வேண்டுமானால் கண்ணாடி விளிம்பு, பொத்தான்கள், பின்மூடி, இந்த மூன்றில் ஒன்று வழியாகத்தான் நுழைய வேண்டும். பின்மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. குக்கர் கேஸ்கட் மாதிரிதான்: புதிதாக இருக்கும்வரை ராஜா, வயதானால் இறுகி, சுருங்கி, ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும்.

100 மீட்டர் என்றால் 100 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று பொருளல்ல. அந்த ஆழத்தில் அசையாத நீர் கொடுக்கும் அழுத்தத்துக்கு ஈடாகச் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவே. பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பார் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கைக்கடிகாரங்களுக்கான தரம் ஐஎஸ்ஓ 22810. முக்குளிப்பவர்களுக்கான கடிகாரம் என்றால் ஐஎஸ்ஓ 6425. அதில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முன்னதில் மாதிரி எடுத்துப் பார்த்தாலே போதும்.

இன்னொரு கதையும் சுற்றுகிறது. தண்ணீரில் கையை வீசி அடித்தால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடுமாம், 30 மீட்டர் கடிகாரம் நீச்சலுக்கு ஆகாது என்பது அதனால்தானாம். பள்ளிக்கூட பௌதிகம் போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால்கூட (என் பிள்ளைகளில் ஒருவர் கையும் அவ்வளவு வேகம் போகாது) கூடுதலாக வரும் அழுத்தம் 0.125 பார், ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம். 10 மீட்டர் மேடையிலிருந்து குதித்தால்தான் அது ஒரு பார் அளவுக்கு வரும். 30 மீட்டர் கடிகாரத்தை நான் குளத்தில் விடாததற்குக் காரணம் வேறு. குளோரின், சோப்பு, வெயிலில் சூடேறிய மணிக்கட்டு சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்குவது, வருடக்கணக்கில் தேயும் ரப்பர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்த எண்ணைத் தின்றுவிடும். 30-ல் தொடங்கினால் தின்னக் கொடுக்க அதிகம் மிச்சமில்லை. 100-ல் தொடங்கினால் இருக்கிறது.

போன் சமாச்சாரம் இதைவிடக் குழப்பம். போன கோடையில் ஒரு அப்பா தன் போனைத் தண்ணீருக்குள் இறக்கி, மகள் கால் உதைப்பதைப் படம் பிடித்தார். வேண்டாம் என்றேன். "மேடம், ஐபி 68. ஒண்ணும் ஆகாது" என்றார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லைதான். வீட்டுக்குப் போய் ஈரத்தோடு சார்ஜ் போட்டிருக்கிறார். சில நாளில் சார்ஜ் ஏறுவது நின்றது. சர்வீஸ் சென்டரில் சிம் தட்டை உருவி, உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய குட்டி ஸ்டிக்கர் சிவந்து போயிருப்பதைக் காட்டினார்களாம். நீர் பட்டதற்கு வாரண்டி கிடையாது. எந்த போன், எந்த சென்டர் என்பதை விடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டித் தாளில் இதே வரிதான் இருக்கிறது.

ஐபி எண் வருவது ஐஇசி 60529 என்ற தரத்திலிருந்து. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே சொல்ல வேண்டும். ஐபோன் 12-க்கு ஆப்பிள் சொன்னது 6 மீட்டர், 30 நிமிடம். மின்புத்தகம் படிக்கும் கிண்டில் பேப்பர்ஒயிட்டுக்கு அமேசான் சொல்வது நன்னீரில் 2 மீட்டர், 60 நிமிடம். கடல் நீரிலோ கால் மீட்டர், வெறும் 3 நிமிடம். நன்னீருக்கும் உப்பு நீருக்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. குளோரின் கலந்த குளத்து நீர் இந்த இரண்டிலும் சேராது. இன்னொன்று, முங்கும் சோதனையில் தேறியது பீய்ச்சும் நீரிலும் தேறும் என்று நினைக்காதீர்கள். பீய்ச்சலுக்கு 5, 6 என்று தனி எண்கள். 6-க்கு நிமிடத்துக்கு 100 லிட்டர் பீய்ச்சுவார்கள். இரண்டிலும் தேறிய பொருள் என்றால் இரண்டு எண்ணையும் போட்டிருப்பார்கள். 68 என்று மட்டும் போட்டிருந்தால் போனைக் குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள்.

விளம்பரத்தில் போன் நீச்சல்குளத்தில் மிதக்கும், கீழே பொடி எழுத்தில் வேறு சொல்லியிருக்கும். இதற்காக இத்தாலியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2020-ல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் விதித்தது. அங்கேயும் பிரச்சினை சார்ஜ் துளைதான்: குளத்திலோ கடலிலோ நனைத்துவிட்டு ஈரம் காயும் முன் சார்ஜ் போட்டால் அரித்துப்போகும். நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் வேறு நம்மிடம் இருக்கிறது. ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள் என்கிறது, அரிசித் துகள் உள்ளே போய்விடும் என்று.

கடிகாரத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் குறை இல்லாமல் இல்லை. பல பேருடைய நேரத்தை வரிசையாகச் சேமித்து வைக்க முடியாது. போட்டிக்குப் பயிற்சி என்றால் கையில் நோட்டும் வேண்டும். அலாரம் ஒலிக்கும், அதிராது; பிள்ளைகள் கூச்சலில் காதில் விழாது. பொத்தானைத் தண்ணீருக்குள் அழுத்தாதே என்று காசியோவின் கையேடே சொல்வதால், ஸ்டாப்வாட்ச் எடுப்பதெல்லாம் கரையேறி, கை துடைத்த பிறகுதான். குளத்துக்குள் மணி பார்ப்பதோடு சரி. வெந்நீர்க் குளியலுக்கு முன் கழற்றிவிடுவேன். வகுப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு அலசு.

போன வருடம் பேட்டரி தீர்ந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குப் பழக்கமான கடிகாரக் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடினார். பிறகு மேசை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டார். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தார். உள்பக்கம் பனி படரவில்லை. படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஐஎஸ்ஓ சோதனையிலும் இதே முறை உண்டு, அங்கே 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்குவார்கள். ஆனால் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் இயந்திரம் அவரிடம் இல்லை.

"மழைக்கு ஓகே மேடம். குளத்துக்கு நான் கேரண்டி தரமாட்டேன்" என்றார்.

அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். அது இப்போது ஸ்கூட்டியில் போகவர. குளத்துக்கு அதே மாடலில் புதிதாக இன்னொன்று வாங்கியிருக்கிறேன்.