டேப்லெட்டில் படம் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளிடம் உஷார்

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் டேப்லெட் வாங்கப் போகிறவர்கள், அதிலும் வீட்டில் கிடக்கும் ஒரிஜினல் டிவிடிகளை அதில் ஏற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். புகார் போய்க்கொண்டிருப்பதால் கடைப் பெயர் போடவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, திருமங்கலத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அவர் சேர்த்து வைத்த ஒரிஜினல் டிவிடிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உண்டு. 2007 வாக்கில் மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி இறக்கினார்களே, அப்போது மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. திருட்டுத் தட்டு வீட்டுக்குள் வரவே கூடாது என்பதில் அம்மா அவ்வளவு கண்டிப்பு. பழைய பிளேயரில் லென்ஸ் போய்விட்டது, படுத்தபடி பார்க்க டேப்லெட்தான் வசதி என்று பெட்டியோடு கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பையனிடம் நேராகவே கேட்டேன். "தம்பி, இதெல்லாம் காப்பி பண்ண முடியாதபடி பூட்டுப் போட்ட தட்டு. எப்படி ஏத்துவீங்க?" அதற்கு அவர், "எங்ககிட்ட சாஃப்ட்வேர் இருக்குக்கா, உங்க தட்டுல இருந்துதான் எடுப்போம், குவாலிட்டி அப்படியே இருக்கும், நீங்க காசு குடுத்து வாங்குற ஆன்லைன் படமும் ஃபுல் எச்டில ஓடுற மாதிரி செட்டிங் பண்ணித் தாரோம்" என்றார். முதலாளியும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். டேப்லெட் விலை போக ஏற்றுக்கூலி 1,800 ரூபாய் தனி. பில் கேட்டால் ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை. "கம்ப்யூட்டர் பில் அப்புறம் வாட்ஸ்அப்ல வரும்" என்றார்கள், இன்றுவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் படத்தைப் போட்டதுமே அம்மா முகம் மாறிவிட்டது. படத்தின் மேல் ஏதோ சூதாட்டத் தளத்தின் பெயர் குறுக்கே ஓடுகிறது. இன்னொரு படத்தில், அது ரொம்பப் புதுப்படம், அம்மாவிடம் அந்தத் தட்டே கிடையாது, தியேட்டரில் யாரோ எழுந்து போகிற தலை திரையை மறைக்கிறது. அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தேன். அம்மா சேலைக் கரையைக் கிழித்து நாலாபுறமும் இறுக்கிக் கட்டுவார், முடிச்சு அவர் கைமுடிச்சு, வேறு யாருக்கும் அப்படிப் போட வராது. அந்த முடிச்சு அவிழ்க்கவே படவில்லை. ஒரு தட்டைக்கூட வெளியே எடுக்காமல், திருட்டுத் தளத்திலிருந்து இறக்கி ஏற்றிவிட்டு, தட்டிலிருந்து எடுத்ததாகக் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சேதம் அடுத்து தெரிந்தது. தம்பி அம்மாவுக்காகக் காசு கட்டி வாங்கிய படங்கள் யூடியூப் கணக்கில் இருக்கின்றன, ஓடிடி சந்தா ஒன்றும் உண்டு. இரண்டிலும் படம் மங்கலாகத்தான் வருகிறது, எச்டி என்ற தேர்வே காட்டவில்லை. டேப்லெட்டை அணைத்துப் போட்டால் கம்பெனி லோகோவுக்கு முன்னால் பூட்லோடர் (டேப்லெட்டை ஆன் செய்ததும் முதலில் ஓடி, ஆண்ட்ராய்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) திறந்திருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. "செட்டிங்" என்று அவர்கள் செய்தது இதைத்தான்.

இது ஏன் பிரச்சினை என்றால், ஆண்ட்ராய்டில் காசு கட்டிப் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் வைட்வைன் என்ற கூகுள் பூட்டோடுதான் வருகின்றன. அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள்ளேயே பாதுகாப்பான தனி இடத்தில் நடக்கும், எச்டி கிடைக்கும். எல்3 என்றால் எல்லாம் வெறும் மென்பொருளில் நடக்கும், அதனால் பல செயலிகள் 480பி அளவோடு நிறுத்திக்கொள்ளும். பூட்லோடரைத் திறந்தால் பல மாடல்களில் எல்1 போய் எல்3 ஆகிவிடும், திரும்பப் பூட்டினாலும் எல்லாவற்றிலும் பழைய நிலை வராது, பூட்டும்போது உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். சர்வீஸ் சென்டரில் பார்த்தவுடனேயே வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புது டேப்லெட்! இதை வாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வது எனக்குப் பொறுக்கவே இல்லை.

கடையில் போய்க் கேட்டபோது முதலாளி, "படம் ஓடுதுல்ல, அப்புறம் என்னக்கா?" என்றார். திருட்டுப் பிரதியை ஏற்றிக் கொடுத்திருக்கிறீர்களே என்றால், "எல்லாரும் அதத்தானே பாக்குறாங்க" என்கிறார். தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அப்படி எடுத்ததை என் அம்மா கையில் காசுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

டேப்லெட் வாங்கும்போது கடையிலேயே டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள், வைட்வைன் பகுதியில் எல்1 என்று இருக்க வேண்டும். விலை குறைந்த சில டேப்லெட்டுகள் திரை நன்றாக இருந்தும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எல்3 தான், அதையும் "ஃபுல் எச்டி" என்றுதான் விற்பார்கள். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் கணக்கில் வாங்கிய படம் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறக்காமல் கணக்கை வெளியேற்றிவிடுங்கள். உங்கள் கண் மறைவில் உள் அறைக்கு எடுத்துப் போக விடாதீர்கள்.

டிவிடி விஷயத்தில், ஒரிஜினல் தட்டுகளில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும், அப்படியே கோப்பை இழுத்துப் போட்டால் டேப்லெட்டில் ஓடாது. தட்டு டிரைவ் இருக்கும் கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டால் தட்டை நேரடியாகப் பார்க்கலாம். கல்யாண வீடியோ மாதிரி பூட்டு இல்லாத தட்டுகளை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாற்றி டேப்லெட்டில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் கடைசியில் அம்மா கட்டிலுக்கு எதிரே டிவியை நகர்த்தி, புது டிவிடி பிளேயர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டோம். அந்த 1,800 ரூபாயைவிடக் குறைவாகத்தான் ஆனது.

நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிவு செய்திருக்கிறேன், சரிவராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக முடிவு. இதே போல் மாட்டியவர்கள் யாராவது இருந்தால், கடைக்காரர் ஃபார்மட் பண்ணித் தருகிறேன் என்று கூப்பிட்டாலும் டேப்லெட்டைக் கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் பூட்லோடர் எச்சரிக்கையையும் ஏற்றி வைத்திருக்கும் படங்களின் பட்டியலையும் வேறு போனில் படம் பிடித்துவிடுங்கள், பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.