சுவரில் மாட்டும் வாட்டர்புரூப் பெட்டிகள்: சுங்கை சிப்புட் கடைகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ஹார்ட்வேர் கடையில் "வாட்டர்புரூப் போக்ஸ்" என்று கேட்டால் மூன்று வகைச் சாமான்கள் மேசைக்கு வரலாம். ரப்பர் மூடிகள் வைத்த சின்னச் சாம்பல் நிற ஜங்ஷன் பெட்டி ஒன்று. உள்ளே இருப்பது தெரியும்படி கதவு வைத்த பிளாஸ்டிக் டிபி (மின் விநியோகப் பெட்டி) இன்னொன்று. பூட்டு வைத்த கனமான இரும்பு அல்லது ஃபைபர் பெட்டி மூன்றாவது. பெயர் ஒன்றாக இருப்பதால் விலையை மட்டும் பார்த்து எடுக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி பம்பு நின்றுபோகிறது, ஆட்டோகேட் தானாகத் திறக்கிறது, கோயில் வாசல் விளக்கு மழை வந்தாலே ட்ரிப் ஆகிறது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஐபி எண் (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்ற குறியீடு), துளை போடாத பெட்டிக்கு உரியது. அல்லது தயாரிப்பாளர் சொன்ன கிளாண்டை (கேபிள் நுழையும் துளையில் கேபிளைச் சுற்றி இறுகும் திருகு மூடி), சொன்ன துளையில், சொன்ன முறுக்கில் போட்ட பெட்டிக்கு உரியது. நாம் டிரில்லை வைத்த நிமிடத்தில் அந்த எண்ணுக்குப் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. தண்ணீர் புகுந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கதவு கேஸ்கெட் (ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையம்) நன்றாகவே இருக்கும். ஈரத்தின் தடம் கேபிள் நுழையும் இடத்திலிருந்தோ பின்பக்க ஸ்க்ரூவிலிருந்தோ தொடங்கும்.

முதலில் எண். ஐஇசி 60529 என்ற தரத்தில் ஐபி65-இன் முதல் இலக்கம் 6, தூசி உள்ளே போகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 5 என்றால் 6.3 மி.மீ. குழாய் வாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பாய்ச்சிச் சோதித்தது. 6 என்றால் 12.5 மி.மீ. வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கவைத்தது. ஐபி67, ஐபி66-ஐவிட உயர்ந்தது என்று நினைப்பது தவறு. இரண்டும் வெவ்வேறு சோதனைகள். மூழ்கினாலும் தாங்கும் பெட்டி, பலமாகப் பீச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று அந்த எண் சொல்லவில்லை. இரண்டையும் தாங்கினால் ஐபி66/67 என்று சேர்த்தே அச்சிடுவார்கள். வண்டி கழுவும் ஹை பிரஷர் பம்பை அருகில் வைத்து அடித்தால் இரண்டுமே பதில் சொல்லாது. அதற்கென்று ஐபி69 தனியாக இருக்கிறது.

இந்தச் சோதனைகள் எல்லாம் புதுப் பெட்டியில், சுத்தமான தண்ணீரில், வெயில் இல்லாமல் நடப்பவை. பேராக்கின் பிற்பகல் அப்படி இல்லை. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் காற்று 55 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். நான்கு மணிக்கு மழை கொட்டி பெட்டி 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல் குறையப் பார்க்கும். அது 90 சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். பெட்டி வெளியிலிருந்து உறிஞ்சுகிறது, அதே நேரத்தில் கேஸ்கெட்டின் ஓரத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. ஐபி65 பெட்டிக்குள்ளும் ஈரம் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சிலிகோன் பூசிப் பூசி இதை நிறுத்த முடியாது. காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் மெம்ப்ரேன் வெண்ட் பிளக் ஒன்றைப் பெட்டியின் அடியில் போட வேண்டும். எம்12 (12 மி.மீ. புரி) அளவே சின்னப் பெட்டிக்குப் போதும். நம் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் ஈப்போவில் உள்ள எலக்ட்ரிக்கல் சப்ளை கடையில் சொல்லி வரவழைக்கலாம். சிலிகா ஜெல் பொட்டலம் போடுவதை நம்ப வேண்டாம். நம் காற்றின் ஈரத்தில் அது சீக்கிரமே நிறைந்துவிடும், பிறகு வெறும் பொட்டலம்தான்.

இனி பொருள்கள். சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி மலிவு, துளை போடுவதும் சுலபம். ஆனால் வெயில் அதன் எதிரி. முதலில் மஞ்சளாகும், பிறகு ஸ்க்ரூ காதுகள் நொறுங்கும். தாழ்வாரத்துக்கு அடியில், லயத்து வீட்டின் உள்பக்கச் சுவரில் அது நன்றாகவே வேலை செய்யும். திறந்த வெளிச் சுவருக்கு வேண்டாம். பாலிகார்பனேட் அடி தாங்கும், யூவி தடுப்பு சேர்த்த ரகம் வெயிலையும் தாங்கும். அதன் பலவீனம் ரசாயனம். பெட்ரோல், தின்னர், ஸ்க்ரூவில் போடும் லாக் பசை பட்டால் மெல்லிய விரிசல் ஓடும். ஃபைபர் என்று கடையில் சொல்லும் கண்ணாடியிழை பாலியெஸ்டர் பெட்டி துருப்பிடிக்காது, சூட்டில் வளையாது. விலை கூடுதல், டிரில் செய்யும்போது பறக்கும் தூசி தோலிலும் மூச்சிலும் குத்தும், முகமூடி கட்டாயம். பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குப் பலம் அதிகம், ஆனால் நாம் போட்ட துளையின் விளிம்பு பூச்சில்லாத வெறும் இரும்பு. அதில் ஸிங்க் பெயிண்ட் தொடாமல் விட்டால் துரு அங்கிருந்துதான் பரவும். உர ஸ்டோர் சுவரில் இரும்பை நாங்கள் சிபாரிசு செய்யவே மாட்டோம். செம்பனைக்குப் போடும் எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு. அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து படிந்தால் இரும்பை வேகமாகத் தின்றுவிடும்.

கம்பெனிப் பெட்டிகளில், திறந்த வெளிக்கு ஷ்னைடரின் தலாஸா பிஎல்எம் வரிசையை முதலில் வைக்கிறோம். பாலியெஸ்டர் உடல், ஐபி66, ஐகே10. ஐகே10 என்றால் 20 ஜூல் அடியைத் தாங்கும், அதாவது 5 கிலோ எடை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. செம்பனை நாற்றங்கால் பம்பு ஸ்டார்டருக்கு இது பொருத்தம். எம்சிபி (மின்னோட்டம் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் வரிசையாக மாட்டுவதாக இருந்தால் அதை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்; ஹேகரின் வெக்டர், லெக்ராண்டின் பிளெக்ஸோ இரண்டும் ஐபி65, எம்சிபி மாட்டும் டின் ரெயில் பட்டையும் எர்த் டெர்மினலும் வைக்க உள்ளே இடம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் அந்த எண் செல்லாது. கோயில் திருவிழா சமயத்தில் கதவிடுக்கில் எக்ஸ்டென்ஷன் வயரை நுழைத்து மூடாமல் விடும் பழக்கத்துக்கு எந்தப் பெட்டியும் ஈடுகொடுக்காது. ஆட்டோகேட் போர்டு, சிசிடிவி அடாப்டர் போன்றவற்றுக்கு ஃபைபாக்ஸ் பாலிகார்பனேட் பெட்டி அழகாக அமையும்.

பெயரில்லாப் பெட்டியே வாங்குவதென்றாலும் கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். கேஸ்கெட் மூடியின் பள்ளத்தில் ஊற்றி உறைந்த ஒரே வளையமாக இருக்கிறதா, அல்லது ஸ்பான்ஞ் டேப்பை வெட்டி ஒட்டி மூலையில் சேர்த்திருக்கிறார்களா? டேப் என்றால் அந்தச் சேர்ப்பிடம்தான் முதலில் பிரியும். சுவர் ஸ்க்ரூ துளைகள் கேஸ்கெட் வளையத்துக்கு வெளியே இருக்கின்றனவா? மூடி ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ்தானா? காந்தம் பலமாக ஒட்டினால் அது பூச்சு பூசிய சாதா இரும்பு, பூச்சு போனதும் துருப்பிடித்து இறுகிவிடும். "ஐபி68" என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று எங்கும் எழுதாத பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். 8 என்ற இலக்கத்துக்கு அந்த இரண்டையும் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

அதிகம் கெடுவது கேபிள் நுழையும் இடம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேபிள் எப்போதும் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். பக்கவாட்டு பரவாயில்லை என்ற நிலை. மேற்பக்கம் கூடவே கூடாது. கேபிள் பெட்டிக்கு வரும் முன் ஒரு தொங்கலாகக் கீழே இறங்கி மேலேறி நுழைந்தால், அதன் மேல் ஓடிவரும் தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். துளைக்கு ஸ்டெப் டிரில் பயன்படுத்துங்கள். எம்16 கிளாண்டுக்கு 16.5 மி.மீ., எம்20-க்கு 20.5, எம்25-க்கு 25.5. பெட்டியிலேயே துளைக்கென்று குறித்திருக்கும் நாக்-அவுட் வட்டத்தைச் சுத்தியலால் தட்டி உடைத்தால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிஜி என்ற பழைய அளவு கிளாண்டும் எம் கிளாண்டும் கடையில் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், பிஜி13.5-இன் புரி 20.4 மி.மீ., எம்20-க்கு மிக அருகில் இருக்கிறது. புரி வேறு என்பதால் எம்20 நட்டோடு அது சேராது. கட்டாயப்படுத்தி முறுக்கினால் பாதியில் நிற்கும், இறுகிவிட்டது போலத் தோன்றும். கிளாண்டும் நட்டும் ஒரே பையில் வந்ததாக வாங்குங்கள். கிளாண்டின் வளையத்தின் கீழ் ரப்பர் வாஷர் அல்லது ஓ-ரிங் இருக்க வேண்டும், அதுவும் பெட்டியின் வெளிப்பக்கம்.

கிளாண்ட் எந்தத் தடிமன் கேபிளைப் பிடிக்கும் என்பது அதன் பையில் இருக்கும். எம்20 நைலான் கிளாண்ட் பல 6 முதல் 12 மி.மீ. வரை பிடிக்கும். அதில் மெல்லிய சிசிடிவி வயரை விட்டால் எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி நிற்கும். இரண்டு வயரைச் சேர்த்து விட்டால் நடுவில் ஒரு முக்கோண ஓட்டை. அதற்கென்று இரண்டு துளை, மூன்று துளை ரப்பர் செருகி தனியாக இருக்கிறது. சப்மெர்சிபிள் பம்பின் தட்டைக் கேபிளும் வீட்டு வயரிங்கின் தட்டை பிவிசி கேபிளும் வட்ட கிளாண்டில் ஒருபோதும் அடைபடாது. தட்டைத் துளைச் செருகி வாங்குங்கள், அல்லது கிளாண்டுக்கு முன் வட்டக் கேபிளுக்கு மாற்றுங்கள். டேப் சுற்றி உருட்டிவிடுவது ஒரு மழைக்காலம்கூட நிற்காது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கேபிளின் மறுமுனை மேட்டில் இருந்து அங்கே உறை கிழிந்திருந்தால், தண்ணீர் கம்பி இழைகளுக்கு நடுவே ஓடிவந்து டெர்மினலில் சொட்டும். கிளாண்ட் குற்றமற்றது, ஆனாலும் பெட்டி நனைந்திருக்கும்.

சுவரில் மாட்டும்போது பெட்டியின் முதுகை நேராகத் துளைக்காமல் வெளிக்காதுகளை மாட்டிப் பயன்படுத்துங்கள். காதுகள் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளியும் தரும்; சுவரில் வழியும் தண்ணீர் அதில் இறங்கிவிடும். பெட்டி சுவரோடு ஒட்டியே இருந்தால் மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சிலிகோன் போட்டு, அடியை மட்டும் திறந்து விடுங்கள். சிலிகோனும் நியூட்ரல் ரகமாக இருக்கட்டும். காடி வாடை வீசும் ரகம் உறையும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது பெட்டிக்குள் செம்பைப் பச்சையாக்கும். தரைக்கு மிக அருகில் மாட்டினால் மழைத் தெறிப்பும் மண்ணும் சேர்ந்து அடிக்கும். மூடி ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளும்.

பெட்டிக்குள் இருப்பதையும் யோசிக்க வேண்டும். ஐஇசி 60898 தரத்து எம்சிபி 30 டிகிரியில் அளவு பார்க்கப்பட்டது. அடைத்த பெட்டிக்குள் 50 டிகிரியில் அது குறைந்த ஆம்பியரிலேயே விழும், பம்பில் கோளாறு என்று ஆளைக் கூப்பிடுவார்கள். தேவைக்கு மேல் ஒரு அளவு பெரிய பெட்டி, வெளிர் நிறம், மேற்குச் சுவரைத் தவிர்ப்பது, மேலே ஒரு சின்னத் தகரக் கூரை: இவை நான்கும் சேர்ந்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். பயன்படாத துளைக்கு ஸ்டாப்பிங் பிளக் போடுங்கள். இல்லையென்றால் எறும்புகள் புகுந்து ரிலே காண்டாக்டுக்குள் நசுங்கிக் கிடக்கும். பல்லி ஒன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும். இரும்புப் பெட்டியானால் கதவுக்கும் உடலுக்கும் பின்னல் எர்த் வயர் தனியாக வேண்டும், கீல் மட்டும் போதாது. உள்ளே போடும் எம்சிபியிலும் ஆர்சிசிபியிலும் (மின்கசிவில் விழும் சுவிட்ச்) சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். கைக்கருவி செருகும் சாக்கெட் இருந்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வையுங்கள். வயரிங்கைத் தகுதிச் சான்று உள்ள வயர்மேனிடம் விடுங்கள்.

ரப்பர் இன்னும் இருக்கும் தோட்டங்களின் பால் ஸ்டோருக்குத் தனிக் கணக்கு. பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அம்மோனியாவின் ஆவி பித்தளையை விரிசல் விடவைக்கும், பாலிகார்பனேட்டையும் கெடுக்கும். வெயிலையும் தாங்கும் என்று நாம் சொன்ன பாலிகார்பனேட் பெட்டி அங்கே மோசமான தேர்வாகிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் 304 பெட்டி, ஸ்டெயின்லெஸ் கிளாண்ட் போடலாம். செலவு கட்டாதென்றால் வெயில் படாத உள்சுவரில் ஏபிஎஸ் பெட்டியும் நைலான் கிளாண்டும். முடிந்தால் பெட்டியையே ஸ்டோருக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும், மின்சாரம் கொடுக்கும் முன் சோதிக்கலாம். மூடியின் நான்கு பக்கமும் ஒரு துண்டு காகிதத்தை கேஸ்கெட்டில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. பிறகு உள்ளே டிஷ்யூ பேப்பர் விரித்து, மூடி, தோட்டக் குழாயால் இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நின்று எல்லாப் பக்கமும் மூன்று நிமிடம் அடியுங்கள். வெளியே துடைத்துவிட்டுத் திறந்தால், டிஷ்யூவில் நனைந்த இடத்தை வைத்துத் தண்ணீர் வந்த வழியைத் தேடலாம். இதைச் செய்துவிட்டுப் பணம் வாங்கும் வயர்மேன் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை, மெயினை நிறுத்திவிட்டு, கேஸ்கெட்டை ஈரத்துணியால் துடைத்து, அமுங்கிய தடம் மீண்டும் எழுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். எழாமல் தட்டையாகவே கிடந்தால் கேஸ்கெட்டை மாற்றும் நேரம். மாற்று கேஸ்கெட் தனியாக விற்கும் கம்பெனிப் பெட்டியா என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.