பார்படாஸ்ல எந்தக் கரைல ரூம் போடலாம்?

பார்படாஸ் போறீங்கன்னா ஹோட்டல் போட்டோவ பாத்து முடிவு பண்ணாதீங்க, எல்லா போட்டோலயும் அதே நீலக் கடல்தான் இருக்கும். அந்த ரூம் எந்தக் கரைல இருக்குன்னு மேப்ல பாருங்க, மேற்கா தெற்கா கிழக்கான்றத பொறுத்து லீவே வேற மாதிரி ஆயிடும்.

மேற்குக் கரை, அதாவது ஹோல்டவுன், பெயின்ஸ் பே பக்கம், பணக்கார ஏரியா, சாண்டி லேன் ஹோட்டல்லாம் இங்கதான். கரீபியன் கடலப் பாத்த பக்கம்ங்கறதால பெரும்பாலும் அலையே இருக்காது, குளம் மாதிரி கிடக்கும், சின்னப் பசங்க, நீச்சல் தெரியாதவங்க கூட வந்தா கண்ண மூடிக்கிட்டு இங்க போடலாம், பெயின்ஸ் பேல ஆமைங்க கூட நீந்தலாம். ஆனா மணல் பல இடத்துல குறுகல், சாப்பாட்டு பில்லு பாத்தா மயக்கமே வரும். கரையோரம் சிவப்பு பெயிண்ட்ல கோடு போட்ட மரம் இருந்தா அது மாஞ்சினீல், விஷ மரம், மழைக்குக் கூட அடில ஒதுங்காதீங்க, சொட்டுற தண்ணி பட்டாலே தோல் வெந்துரும்.

தெற்குக் கரை என்னோட சாய்ஸ். ராக்லி, வொர்த்திங், டோவர், செயின்ட் லாரன்ஸ் கேப், இங்க கிச்சனோட சின்னச் சின்ன அபார்ட்மெண்ட் நிறைய கிடைக்கும், நாமளே ஒரு சோறு ரசம் வச்சுக்கலாம், வெளிய வந்தா கடை, ரொட்டி விக்கிற இடம், பஸ் எல்லாம் பக்கத்துலயே. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆய்ஸ்டின்ஸ்ங்கற மீனவ ஊர்ல சுட்ட மீனும், சீஸ் போட்டு பேக் பண்ற மக்ரோனி பையும் சாப்பிடாம திரும்பக் கூடாது, கூட்டம் அள்ளும், பாட்டு காதக் கிழிக்கும், அதான் அழகே. அலை மேற்க விட கொஞ்சம் ஜாஸ்தி, அப்புறம் சர்காஸம்னு ஒரு கடல்பாசி, 2011ல இருந்து கரீபியன் பூரா தொல்லை, சில மாசங்கள்ல இந்தப் பக்கமும் ஒதுங்கி முட்டை அழுகுன நாத்தம் அடிக்கும், அதனால மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் போறவங்க சமீபத்திய போட்டோ கேட்டுட்டு புக் பண்ணுங்க.

கிழக்கு, பாத்ஷீபா, அட்லாண்டிக் பக்கம். பாறையும் அலையும் பாக்க அவ்ளோ அழகு, சர்ஃபிங் தெரிஞ்சவனுக்கு அங்க சூப் பவுல்ங்கற சர்ஃபிங் ஸ்பாட் சொர்க்கம், குளிக்கணும்னு நினைச்சீங்கன்னா ஆபத்து. ஒரு நாள் போய் பாத்துட்டு வந்தா போதும், தங்க வேணாம்.

நான் தெற்குன்னு அடிச்சுச் சொல்றதுக்கு இன்னொரு காரணம், இந்த நாட்ல எல்லா பீச்சும் பப்ளிக். தெற்குல கம்மி வாடகைக்குத் தங்கிட்டு, பிரிட்ஜ்டவுன்ல பஸ் மாறி மேற்குப் பக்கம் போய் அதே பணக்காரக் கடல்ல குளிக்கலாம், ஒரு பஸ்ஸுக்கு மூணரை பார்படாஸ் டாலர், அமெரிக்க டாலர்ல சொன்னா அதுல பாதி. போற வழில பிரிட்ஜ்டவுன்ல கென்சிங்டன் ஓவல் இருக்கு, 2024 ஜூன்ல நம்மாளுங்க டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச கிரவுண்டு. அப்ப பெரில் புயல்ல ஏர்போர்ட்ட மூடி டீமே ஹோட்டல்ல மாட்டிக்கிச்சு, ஞாபகம் இருக்கா? புயல் சீசன் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும். அப்ப வாடகை குறையும், போறதா இருந்தா கேன்சல் பண்ணா காசு திரும்பத் தர ரூமா பாத்துப் போடுங்க.