குதிரையா, மாடா? வடகடல் கரையில் ஒதுங்கும் கறுத்த பற்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரை ஒட்டிய கரையில், கடல் அரிப்பைத் தடுக்க 2011-இல் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொட்டினார்கள். சாண்ட்மோட்டார் என்று அதற்குப் பெயர். கடலடியிலிருந்து அள்ளிய அந்த மணலோடு பனியுக விலங்குகளின் எலும்பும் பல்லும் சேர்ந்து கரையேறின. வடகடலின் தென்பகுதி அன்று மம்மூத் என்னும் பனியுக யானையும் கம்பளிக் காண்டாமிருகமும் குதிரைக் கூட்டங்களும் மேய்ந்த புல்வெளி. அங்கே கறுத்த பல் ஒன்று கையில் கிடைத்தால், அது யாருடையது?

கல்லா பல்லா என்ற ஐயம் சீக்கிரமே தீர்ந்துவிடும். எனாமலின் வழவழப்பும், மெல்லும் பரப்பில் ஒழுங்காக ஓடும் மடிப்புக் கோடுகளும் கூழாங்கல்லில் இருக்காது. மம்மூத்தைக் கண்டுகொள்வதும் கடினமல்ல. நம் ஊர் யானையின் கடைவாய்ப்பல்லைப் பார்த்தவர்கள் அந்த அமைப்பை உடனே அறிவார்கள்: அடுக்கடுக்கான எனாமல் தகடுகள், இடையில் வெளிறிய நிரப்பு. மம்மூத் நம் ஆசிய யானைக்குத்தான் நெருங்கிய உறவு. உடைந்த ஒற்றைத் தகடு மட்டும் கிடைக்கும்போதுதான் தடுமாற்றம் வரும்.

உண்மையான போட்டி குதிரைக்கும் மாட்டினத்துக்கும் இடையில்தான். இரண்டும் புல்லை அரைக்க உயர்ந்து வளர்ந்த பற்கள். பக்கவாட்டில் பார்த்தால் அனுபவசாலிகூட ஒரு கணம் தயங்குவார். ஆகவே மெல்லும் பரப்பைத் திருப்பிப் பாருங்கள். மாட்டின் பல்லில் பிறை வடிவ வளைவுகள் சோடி சோடியாக, தெளிவாக நிற்கும். பல்லின் இரு பாதிகளுக்கும் நடுவே ஒரு சிறு தூண் தனியே எழும்பியிருக்கும். மேல்தாடைப் பல் என்றால் நாக்குப் பக்கம், கீழ்த்தாடை என்றால் கன்னப் பக்கம். அந்தத் தூண் கண்ணில் பட்டால் குதிரையை மறந்துவிடலாம். குதிரையின் மேற்பல் ஏறக்குறைய சதுரம். உள்ளே எனாமல் நெளிந்து நெளிந்து சிக்கலாக ஓடும், நாக்குப் பக்கம் ஒரு மடல் குறுகிய கழுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ்ப்பல் ஒடுங்கி நீண்டிருக்கும்.

அடிப்பக்கமும் சாட்சி சொல்லும். இளங்குதிரையின் பல் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டை. தேயத் தேய ஈறிலிருந்து மேலெழும்பும், வேர் குட்டையாகவே இருக்கும். மாட்டுப் பல்லின் மகுடம், அதாவது வேருக்கு மேலுள்ள பகுதி, அதைவிடக் குட்டை, வேர்கள் கால்களாகப் பிரிந்து நிற்கும். அலையில் உருண்டு வேர் தேய்ந்துபோன பல்லில் இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம், மடிப்புகளே போதும்.

விலங்கைச் சொல்லிவிட்டால் வயதையும் சொல்லிவிட்டதாகப் பலர் நினைப்பது எனக்குப் பெருங்கவலை. பனியுகக் குதிரையின் பல்லும் நேற்றைய பண்ணைக் குதிரையின் பல்லும் ஒரே வார்ப்பு. புல்வெளிக் காட்டெருதா, வளர்ப்பு மாடா என்று ஒற்றைப் பல்லை வைத்துப் பிரிப்பதும் நிபுணர்களுக்கே சிரமம். கறுப்பு நிறம் வயதின் சான்றல்ல. இரும்பும் கந்தகமும் கலந்த காற்றுப்புகாச் சேறு புதிய பல்லையும் கறுப்பாக்கும். வயதை அறியச் சிலர் சூடான ஊசியைக் குத்தி, முடி கருகும் வாடை வந்தால் புதியது என்று ஒதுக்குவார்கள். வடகடலின் குளிர்ந்த சேற்றில் கிடந்த பனியுக எலும்புகளில் புரதம் இன்னும் எஞ்சியிருப்பதால்தான் அவற்றைக் கரிமக் காலக்கணிப்புக்கு (கார்பன் டேட்டிங்) உட்படுத்த முடிகிறது. அதே புரதம்தான் ஊசியில் கருகும். இந்தச் சோதனை நல்ல பல்லில் துளையிட்டுவிட்டுத் தவறான விடையையும் தரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நான் அதிகம் மதிப்பது கிடைத்த இடத்தைத்தான். கடலடியிலிருந்து அள்ளிய மணலில் கிடைத்த குதிரைப் பல் என்றால் பனியுகம் என்ற கணிப்புக்கு வலு உண்டு. அதே பல் பழைய துறைமுக ஊரின் கரையில் கிடைத்திருந்தால், அங்கே தலைமுறைகளாகக் கொட்டிய கசாப்புக் கழிவையே முதலில் சந்தேகிப்பேன். எடுத்த இடத்தையும் தேதியையும் அன்றே எழுதிவையுங்கள். பல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, நிழலில் மெல்லக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் எனாமல் வெடிக்கும். மடிப்புகள் உதிர்ந்தபின் எந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாலும் அவர்கள் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.